அப்பத்தா வீட்டுக் குக்கர் ஏன் கருகியது?

படிக்கும் முன் யோசியுங்கள்

1. உங்கள் வீட்டில் மின்சாரத்தால் சூடாகும் பொருள்கள் எவை? ஐந்து பொருள்களின் பெயரைச் சொல்லுங்கள்.
2. ஊருக்குப் போகும்போது இங்கிருந்து ஏதாவது மின்பொருள் கொண்டுபோனீர்களா? அது அங்கே சரியாக வேலை செய்ததா?

1. ஒரு பரிசின் கதை

எனக்கு அப்போது பதினொரு வயது. உங்களைப் போலவே நானும் வெளிநாட்டில் படித்தவள்தான். நாங்கள் அமெரிக்காவில் இருந்தோம். கோடை விடுமுறைக்கு மதுரைக்குப் போகலாம் என்று முடிவானதும் அப்பா கடைக்குப் போனார். இரண்டு ரைஸ் குக்கர் வாங்கி வந்தார். இரண்டும் ஒரே மாதிரி. ஒன்று எங்கள் வீட்டுக்கு. இன்னொன்று அப்பத்தாவுக்கு.

அப்பத்தாவுக்கு முழங்கால் வலி. அடுப்புப் பக்கத்தில் ரொம்ப நேரம் நிற்க முடியாது. "குக்கர்ல போட்டுட்டு அம்மா உட்கார்ந்துக்கலாம்" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். பெட்டியில் என் துணிகளைக் குறைத்துவிட்டு, துண்டு சுற்றி, அந்தக் குக்கரை வைத்தோம்.

மதுரையில் பெட்டியைத் திறந்தோம். குக்கரின் பிளக்கில் இரண்டு தட்டையான கம்பிகள். அப்பத்தா வீட்டுச் சுவரிலோ வட்டமான துளைகள். பிளக் நுழையவில்லை. அப்பா தெருமுனைக் கடையில் ஒரு சின்ன வெள்ளை அடாப்டர் வாங்கி வந்தார். இப்போது பிளக் கச்சிதமாகப் பொருந்தியது.

"ஸ்விட்சை நான்தான் போடுவேன்" என்று அடம்பிடித்தேன். அத்தை, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா எல்லாரும் சுற்றி நின்றார்கள். அரிசியும் தண்ணீரும் போட்டு மூடினோம். நான் ஸ்விட்சைப் போட்டேன்.

எங்கள் வீட்டில் அந்தக் குக்கர் தண்ணீரைக் கொதிக்க வைக்கவே பத்து நிமிடத்துக்கு மேல் ஆகும். அன்று மூன்று நிமிடத்தில் மூடி படபடவென்று ஆடியது. நுரை பொங்கி வழிந்தது. எல்லாரும் கை தட்டினார்கள். "அமெரிக்கா குக்கருன்னா சும்மாவா!" என்றார் சித்தப்பா.

அடுத்து ஒரு நாற்றம் வந்தது. பிளாஸ்டிக் கருகும் நாற்றம். குக்கரின் அடியிலிருந்து புகை கிளம்பியது. சிவப்பு விளக்கு அணைந்தது. அவ்வளவுதான். பிறகு அந்தக் குக்கர் எழுந்திருக்கவே இல்லை.

நான் அழுதேன். ஸ்விட்சைப் போட்டது நான்தானே? அப்பத்தா என்னைப் பக்கத்தில் இழுத்து உட்கார வைத்தார்.

"விடு தாயி. நீ என்ன செஞ்சே? இங்க கரண்டுக்கு வேகம் ஜாஸ்தி. உங்க ஊரு குக்கரால தாங்க முடியல" என்றார். பிறகு முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து, அடுப்பில் உலை வைத்தார்.

அப்பத்தா என்னைச் சமாதானப்படுத்தத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைத்தேன். இரண்டு வருடம் கழித்துத்தான் தெரிந்தது: அப்பத்தா சொன்னது சரி! அது எனக்கு எப்படித் தெரிந்தது? குக்கரின் அடியில் ஒட்டியிருந்த லேபிளில் இரண்டு எண்கள் இருந்தன. அந்த இரண்டு எண்களும் ஒரு கணக்கும் போதும். அந்தக் கணக்கை இன்று நீங்களும் போடப் போகிறீர்கள்.

2. மொட்டைமாடித் தொட்டி

முதலில் நான்கு சொற்கள் தெரிய வேண்டும். மின்னழுத்தம், மின்னோட்டம், மின்தடை, மின்திறன். பெயர்கள் பெரியவை. விஷயம் எளிது.

ஊரில் பல வீடுகளின் மொட்டைமாடியில் கறுப்பு நிறத்தில் ஒரு தண்ணீர்த் தொட்டி இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதிலிருந்து குழாய் வழியாகத் தண்ணீர் கீழே வரும். கீழ்வீட்டுக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வேகமாகக் கொட்டும். மாடியில் இருக்கும் குழாயைத் திறந்தால் மெதுவாகத்தான் வரும். ஏன்? கீழ்வீட்டிலிருந்து பார்த்தால் தொட்டி ரொம்ப உயரத்தில் இருக்கிறது. உயரம் கூடினால் தண்ணீரைத் தள்ளும் அழுத்தமும் கூடும்.

மின்சாரத்துக்கும் இப்படி ஒரு தள்ளும் அழுத்தம் உண்டு. அதுதான் மின்னழுத்தம். இதை வோல்ட் என்ற அலகால் அளக்கிறோம். "வோல்டேஜ் கம்மி, ஃபேன் மெதுவா சுத்துது" என்று ஊரில் சொல்வார்கள். அவர்கள் சொல்வது மின்னழுத்தத்தைத்தான்.

குழாயில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு தண்ணீர் ஓடுகிறது? அது ஓட்டம். கம்பியில் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்பது மின்னோட்டம். இதை ஆம்பியரால் அளக்கிறோம். நாம் பேசும்போது மின்சாரம் முழுவதையுமே 'கரண்ட்' என்கிறோம். "கரண்ட் போச்சு", "கரண்ட் வந்துடுச்சு" என்கிறோம். ஆனால் அறிவியலில் கரண்ட் என்றால் மின்னோட்டம் மட்டும்தான்.

குழாய் ஒல்லியாக இருந்தால் தண்ணீர் குறைவாக ஓடும். குழாய் ஓட்டத்தைத் தடுக்கிறது. அதே மாதிரி, ஒவ்வொரு மின்பொருளும் மின்னோட்டத்தைக் கொஞ்சம் தடுக்கும். அந்தத் தடுப்புதான் மின்தடை. அதன் அலகு ஓம்.

கடைசியாக, மின்திறன். கொட்டும் தண்ணீருக்குக் கீழே ஒரு சக்கரத்தை வையுங்கள். தண்ணீர் அதிக உயரத்திலிருந்து விழுந்தால் சக்கரம் வேகமாகச் சுற்றும். அதிகத் தண்ணீர் விழுந்தாலும் வேகமாகச் சுற்றும். உயரம், ஓட்டம் இரண்டும் சேர்ந்துதான் வேலை நடக்கிறது. அப்படி ஒரு நொடியில் மின்சாரம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதே மின்திறன். அதன் அலகு வாட்.

இந்த அலகுகள் எல்லாம் மனிதர்களின் பெயர்கள். வோல்ட்டா இத்தாலியர். 1800-ஆம் ஆண்டு முதல் மின்கலத்தைப் பற்றி உலகுக்குச் சொன்னவர். ஆம்பியர் பிரெஞ்சுக்காரர். ஜேம்ஸ் வாட் ஸ்காட்லாந்துக்காரர். நீராவி இயந்திரத்தை மேம்படுத்தியவர். ஓம் ஜெர்மானியர். அவரைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏனென்றால் நம் முதல் விதி அவருடையது.

3. ஓம் என்ற ஆசிரியர்

கியோர்க் சைமன் ஓம் 1789-ஆம் ஆண்டு ஜெர்மனியில் எர்லாங்கன் என்ற ஊரில் பிறந்தார். அவருடைய அப்பா பூட்டு செய்யும் தொழிலாளி. ஓம் வளர்ந்து பள்ளி ஆசிரியர் ஆனார். கொலோன் நகரத்துப் பள்ளியில் வேலை பார்த்தபோது, கம்பிகளில் மின்சாரம் எப்படி ஓடுகிறது என்று சோதித்துப் பார்த்தார்.

அந்தக் காலத்து மின்கலங்களின் அழுத்தம் ஒரே அளவாக நிற்காது. சோதனை முடிவதற்குள் குறைந்துவிடும். அதனால் ஓம் வேறு வழி தேடினார். இரண்டு வகை உலோகங்களை இணைத்தார். ஒரு முனையைக் கொதிக்கும் தண்ணீரில் வைத்தார். மறு முனையைப் பனிக்கட்டியில் வைத்தார். அப்போது சிறிய, ஆனால் மாறாத மின்னழுத்தம் கிடைத்தது. பிறகு வெவ்வேறு நீளமுள்ள கம்பிகளை இணைத்து, ஒவ்வொன்றிலும் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று அளந்தார்.

1827-இல் தன் முடிவுகளை ஒரு புத்தகமாக வெளியிட்டார். முதலில் பலர் அதை மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி அவருக்குக் காப்ளி பதக்கம் கொடுத்தது. அவர் கண்டுபிடித்ததை இன்று ஒரே வரியில் எழுதிவிடலாம்:

மின்தடை = மின்னழுத்தம் ÷ மின்னோட்டம்

இதை ஓம் விதி என்கிறோம். இதையே திருப்பியும் எழுதலாம்:

மின்னோட்டம் = மின்னழுத்தம் ÷ மின்தடை

இன்னொரு விதியும் வேண்டும். சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். உயரமும் ஓட்டமும் சேர்ந்து வேலை செய்தன, இல்லையா?

மின்திறன் = மின்னழுத்தம் × மின்னோட்டம்

இரண்டே விதிகள். ஒன்றில் வகுக்க வேண்டும். இன்னொன்றில் பெருக்க வேண்டும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்க்கலாமா? இரண்டு பேட்டரிகளைச் சேர்த்தால் 3 வோல்ட். அதில் ஒரு சின்ன பல்பை இணைக்கிறோம். அளந்து பார்த்தால் 0.2 ஆம்பியர் ஓடுகிறது.

மின்தடை = 3 ÷ 0.2 = 15 ஓம்
மின்திறன் = 3 × 0.2 = 0.6 வாட்

மின்னழுத்தமும் மின்னோட்டமும் தெரிந்தன. மற்ற இரண்டையும் நாமே கண்டுபிடித்துவிட்டோம். பல்பைத் திறந்து உள்ளே பார்க்கவே இல்லை!

4. குக்கருக்குள் என்ன நடந்தது?

எட்டாம் வகுப்பில் இந்த இரண்டு விதிகளையும் படித்தேன். அன்று மாலை வீட்டுக்கு வந்ததும் நேராகச் சமையலறைக்குப் போனேன். அங்கே அப்பத்தா குக்கரின் ஜோடி இருந்தது. பிளக்கைக் கழற்றிவிட்டு அதைத் தலைகீழாகத் திருப்பினேன். அடியில் லேபிள். அதில் இரண்டு எண்கள்:

120 வோல்ட். 600 வாட்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் வீட்டுச் சுவரில் வரும் மின்னழுத்தம் 120 வோல்ட். அதில் இணைத்தால் குக்கரின் மின்திறன் 600 வாட். அப்படியென்றால் எவ்வளவு மின்சாரம் ஓடும்? மின்திறன் என்பது மின்னழுத்தம் பெருக்கல் மின்னோட்டம். ஆகவே வகுத்தால் மின்னோட்டம் கிடைக்கும்.

மின்னோட்டம் = 600 ÷ 120 = 5 ஆம்பியர்

அடுத்து ஓம் விதி.

மின்தடை = 120 ÷ 5 = 24 ஓம்

இந்த 24 ஓம் எங்கே இருக்கிறது? குக்கரின் அடித்தட்டில் உள்ள சூடாக்கும் கம்பியில் இருக்கிறது. இந்த மாதிரிக் கம்பிகளைப் பெரும்பாலும் நிக்ரோம் என்ற உலோகக் கலவையில் செய்கிறார்கள். நிக்கலும் குரோமியமும் கலந்த கலவை அது. எவ்வளவு சூடானாலும் அதன் மின்தடை பெரிதாக மாறாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது குக்கர் விமானம் ஏறுகிறது. மதுரைக்குப் போகிறது. அதன் கம்பி மாறுமா? மாறாது. மதுரையிலும் அதே 24 ஓம்தான். ஆனால் சுவரில் வரும் மின்னழுத்தம் மாறிவிட்டது. இந்தியாவில் அது 230 வோல்ட். வீட்டுக்கு வரும் மின்னழுத்தம் கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். கணக்கு எளிதாக இருக்க 240 என்று வைத்துக்கொள்வோம்.

மின்னோட்டம் = 240 ÷ 24 = 10 ஆம்பியர்
மின்திறன் = 240 × 10 = 2400 வாட்

பார்த்தீர்களா? 600 வாட்டுக்குச் செய்த குக்கரில் 2400 வாட்! நான்கு குக்கரின் வெப்பம் ஒரே குக்கருக்குள். அதனால்தான் மூன்று நிமிடத்தில் தண்ணீர் கொதித்தது. அதனால்தான் பிளாஸ்டிக் கருகியது.

சிவப்பு விளக்கு ஏன் அணைந்தது? இந்த மாதிரிக் குக்கருக்குள் பொதுவாக ஒரு சின்ன ஃபியூஸ் இருக்கும். அளவுக்கு மீறிச் சூடானால் அது உருகி மின்சுற்றை அறுத்துவிடும். மின்சுற்று என்றால் மின்சாரம் போய்த் திரும்பி வரும் பாதை. பாதை அறுந்தால் மின்சாரம் ஓடாது. அன்று தீப்பிடிக்காமல் எங்களைக் காப்பாற்றியது அந்தச் சின்ன ஃபியூஸாகத்தான் இருக்க வேண்டும்.

"இங்க கரண்டுக்கு வேகம் ஜாஸ்தி" என்று அப்பத்தா சொன்னார். தள்ளும் அழுத்தம் ஜாஸ்தி என்பதைத்தான் அவர் தன் வார்த்தையில் சொல்லியிருக்கிறார். அப்பத்தா ஓம் விதி படிக்கவில்லை. ஆனால் அந்த வீட்டு மின்சாரத்தோடு பல வருடம் பழகியவர்.

5. இரண்டு மடங்கா, நான்கு மடங்கா?

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். மின்னழுத்தம் 120-இலிருந்து 240 ஆனது. இரண்டு மடங்கு. ஆனால் மின்திறன் 600-இலிருந்து 2400 ஆனது. நான்கு மடங்கு! இது எப்படி?

மின்னழுத்தம் இரண்டு மடங்கு ஆனால், அது இரண்டு மடங்கு மின்சாரத்தைத் தள்ளும். அதனால் மின்னோட்டமும் இரண்டு மடங்கு ஆகிவிடும். மின்திறன் என்பது இந்த இரண்டின் பெருக்கல். 2 × 2 = 4.

எதிர்ப்பக்கமாகவும் யோசிக்கலாம். மதுரையிலிருந்து ஓர் இஸ்திரிப் பெட்டியை அமெரிக்காவுக்குக் கொண்டுவந்தால்? அதன் லேபிளில் 240 வோல்ட், 960 வாட் என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

மின்னோட்டம் = 960 ÷ 240 = 4 ஆம்பியர்
மின்தடை = 240 ÷ 4 = 60 ஓம்

அமெரிக்காவில் இணைத்தால்:

மின்னோட்டம் = 120 ÷ 60 = 2 ஆம்பியர்
மின்திறன் = 120 × 2 = 240 வாட்

கால் பங்குதான்! கருகாது, புகையாது. ஆனால் சட்டையின் சுருக்கமும் போகாது.

ஒரு விஷயம் சொல்ல வேண்டும். இந்தக் கணக்கு குக்கர், இஸ்திரிப் பெட்டி, ஹீட்டர் போன்ற சூடாகும் பொருள்களுக்குத்தான் நேராகப் பொருந்தும். மிக்ஸியிலும் கிரைண்டரிலும் மோட்டார் இருக்கிறது. மோட்டாரின் கணக்கு கொஞ்சம் வேறு. ஆனாலும் மின்னழுத்தம் பொருந்தாவிட்டால் மோட்டாரும் கெட்டுப்போகலாம். அதனால்தான் அமெரிக்காவில் இருக்கும் தமிழர்களுக்காக 110 வோல்ட் மிக்ஸி, கிரைண்டர் என்று தனியாக விற்கிறார்கள்.

6. லண்டன் அத்தை வீட்டு டீ

லண்டனில் என் அத்தை ஒருவர் இருக்கிறார். அவர் வீட்டில் "டீ குடிக்கிறியா?" என்று கேட்டு முடிப்பதற்குள் தண்ணீர் கொதித்துவிடும். எங்கள் வீட்டில் அப்படி இல்லை. கெட்டிலைப் பார்த்துக்கொண்டே நிற்க வேண்டும். இதற்கும் நம் விதியே பதில் சொல்லும்.

பிரிட்டனில் மின்னழுத்தம் 230 வோல்ட். அங்கே ஒரு பிளக் வழியாக அதிகபட்சம் 13 ஆம்பியர் எடுக்கலாம். பிளக்குக்கு உள்ளேயே அதற்கான ஃபியூஸ் இருக்கும்.

மின்திறன் = 230 × 13 = 2990 வாட்

அதனால் அங்கே 3000 வாட் கெட்டில் சாதாரணமாகக் கிடைக்கும். அமெரிக்காவில் வழக்கமான வீட்டு மின்சுற்றின் எல்லை 15 ஆம்பியர்.

மின்திறன் = 120 × 15 = 1800 வாட்

எல்லையைத் தொடாமல் இருக்க, அங்கே கெட்டில்களைப் பெரும்பாலும் 1500 வாட் அளவில் செய்கிறார்கள். இப்போது நேரத்தைப் பார்ப்போம். 20 டிகிரி செல்சியஸில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க ஏறக்குறைய 3,36,000 ஜூல் ஆற்றல் வேண்டும். ஒரு வாட் என்றால் ஒரு நொடிக்கு ஒரு ஜூல்.

லண்டனில்: 336000 ÷ 3000 = 112 நொடி
அமெரிக்காவில்: 336000 ÷ 1500 = 224 நொடி

கொஞ்சம் வெப்பம் காற்றில் வீணாகும். அதனால் உண்மையில் இன்னும் சில நொடிகள் கூடும். ஆனாலும் அமெரிக்க டீக்கு இரண்டு மடங்கு நேரம் காத்திருக்க வேண்டியதுதான்!

இந்த எல்லை டீக்கு மட்டும் இல்லை, பாதுகாப்புக்கும் முக்கியம். குளிர்காலத்தில் ஒரே மின்பலகையில் 1500 வாட் ஹீட்டரையும் 1500 வாட் கெட்டிலையும் சேர்த்து இணைத்தால் என்ன ஆகும்? மொத்தம் 3000 வாட்.

மின்னோட்டம் = 3000 ÷ 120 = 25 ஆம்பியர்

எல்லையோ 15. கம்பிக்கும் ஒரு சின்ன மின்தடை உண்டு. அளவுக்கு மேல் மின்சாரம் ஓடினால் சுவருக்குள் இருக்கும் கம்பியே ஹீட்டர் மாதிரி சூடாகத் தொடங்கும். அதற்குள் பிரேக்கர் விழுந்து மின்சாரத்தை நிறுத்திவிடும். அப்போது "சே, கரண்ட் போச்சே" என்று கோபப்படாதீர்கள். பிரேக்கர் தன் வேலையைச் செய்திருக்கிறது. முதலில் ஒரு பொருளைக் கழற்றுங்கள். பிறகு பெரியவர்களைக் கூப்பிடுங்கள்.

7. ஊருக்குப் போகும் முன் லேபிளைப் பாருங்கள்

அன்று நாங்கள் செய்த தவறு என்ன? பிளக் பொருந்திவிட்டது, அதனால் எல்லாம் பொருந்திவிட்டது என்று நினைத்தோம். அடாப்டர் பிளக்கின் வடிவத்தை மட்டும்தான் மாற்றும். மின்னழுத்தத்தை மாற்றாது. மின்னழுத்தத்தை மாற்ற மின்மாற்றி வேண்டும். 600 வாட் குக்கர் என்றால், 600 வாட்டுக்கு மேல் தாங்கும் மின்மாற்றியாக அது இருக்க வேண்டும்.

லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று இப்படிப் பாருங்கள்:

• 120 வோல்ட் மட்டும் என்று இருந்தால்: இந்தியா, இலங்கை, சிங்கப்பூர், பிரிட்டன், ஆஸ்திரேலியா போன்ற 230 வோல்ட் நாடுகளில் நேராக இணைக்கக் கூடாது.
• 220 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால்: அமெரிக்காவிலும் கனடாவிலும் நேராக இணைத்தால் ஒழுங்காக வேலை செய்யாது.
• 100 முதல் 240 வோல்ட் வரை என்று இருந்தால்: இரண்டு இடத்திலும் வேலை செய்யும். அடாப்டர் மட்டும் போதும். உங்கள் ஃபோன் சார்ஜரைப் பாருங்கள். பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

8. ஒரு தொலைபேசி அழைப்பு

எட்டாம் வகுப்பில் அந்தக் கணக்கைப் போட்டு முடித்த சனிக்கிழமை, மதுரைக்கு ஃபோன் செய்தோம். நான் ரிசீவரை வாங்கிக்கொண்டேன்.

"அப்பத்தா, அந்தக் குக்கர் ஏன் கருகுச்சுன்னு கண்டுபிடிச்சிட்டேன். அறுநூறு வாட் குக்கர்ல ரெண்டாயிரத்து நானூறு வாட் போயிருக்கு. உங்க ஊரு வோல்டேஜ் எங்க ஊரைவிட ரெண்டு மடங்கு!"

"நான் அன்னைக்கே சொன்னேன்ல தாயி, வேகம் ஜாஸ்தின்னு" என்று சிரித்தார் அப்பத்தா. "நீ போய் ரெண்டு வருசம் படிச்சிட்டு வந்து சொல்றே!"

அடுத்த முறை மதுரைக்குப் போனபோது, அங்கேயே கடைக்குப் போய் ஒரு குக்கர் வாங்கினோம். வீட்டுக்கு வந்ததும் அதைத் திருப்பி லேபிளைப் படித்தேன். 230 வோல்ட் என்று இருந்தது. அடாப்டரும் தேவைப்படவில்லை. அரிசியும் தண்ணீரும் போட்டு மூடினோம். ஆனால் ஸ்விட்சுக்குப் பக்கத்தில் போனதும் என் கை தயங்கியது.

"கணக்குப் போட்டியா தாயி?" என்று கேட்டார் அப்பத்தா.

"போட்டேன் அப்பத்தா."

"அப்புறம் என்ன பயம்? போடு."

போட்டேன். சோறு வெந்தது. அப்பத்தா நாற்காலியில் உட்கார்ந்தபடியே என்னோடு பேசிக்கொண்டிருந்தார்.

அருஞ்சொற்பொருள்

மின்னழுத்தம் – மின்சாரத்தைத் தள்ளும் அழுத்தம், அலகு வோல்ட்
மின்னோட்டம் – ஒரு நொடியில் ஓடும் மின்சாரத்தின் அளவு, அலகு ஆம்பியர்
மின்தடை – மின்னோட்டத்தைத் தடுக்கும் தன்மை, அலகு ஓம்
மின்திறன் – ஒரு நொடியில் மின்சாரம் செய்யும் வேலை, அலகு வாட்
மின்சுற்று – மின்சாரம் போய்த் திரும்பி வரும் பாதை
மின்மாற்றி – மின்னழுத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ உதவும் கருவி
உலை – சோறு ஆக்குவதற்காக அடுப்பில் வைக்கும் தண்ணீர்
அடம்பிடித்தல் – தான் சொன்னதே நடக்க வேண்டும் என்று பிடிவாதம் செய்தல்
ஜாஸ்தி – அதிகம் (பேச்சு வழக்கு)
அப்பத்தா – அப்பாவின் அம்மா

கணக்குப் போடுவோம்

1. ஒரு சின்ன விளக்கில் 6 வோல்ட் மின்னழுத்தத்தில் 0.5 ஆம்பியர் ஓடுகிறது. அதன் மின்தடை என்ன? மின்திறன் என்ன?
2. ஒரு டோஸ்டரின் லேபிளில் 120 வோல்ட், 960 வாட் என்று இருக்கிறது. அதில் எவ்வளவு மின்னோட்டம் ஓடும்? அதன் மின்தடை என்ன?
3. பாடத்தில் மதுரையின் மின்னழுத்தத்தை 240 என்று வைத்துக்கொண்டோம். இப்போது 230 என்று வைத்து அதே 24 ஓம் குக்கருக்குக் கணக்குப் போடுங்கள்.
4. ஆஸ்திரேலியாவில் வழக்கமான சுவர் பிளக்கில் 230 வோல்ட், 10 ஆம்பியர் வரை எடுக்கலாம். அதில் ஒரு மின்பலகையை இணைத்து, 2200 வாட் கெட்டிலையும் 1000 வாட் டோஸ்டரையும் ஒரே நேரத்தில் போடலாமா? ஏன்?

பேசுவோம்

1. "இங்க கரண்டுக்கு வேகம் ஜாஸ்தி" என்ற வாக்கியத்தை எழுத்துத் தமிழில் எழுதுங்கள்.
2. அடாப்டருக்கும் மின்மாற்றிக்கும் என்ன வித்தியாசம்? உங்கள் தாத்தாவுக்கோ பாட்டிக்கோ ஃபோனில் பேச்சுத் தமிழில் சொல்லுங்கள்.
3. குக்கர் கருகியபோது அப்பத்தா பேத்தியைத் திட்டவில்லை. நீங்கள் அப்பத்தாவாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

வீட்டில் செய்து பாருங்கள்

அம்மா அல்லது அப்பாவுடன் சேர்ந்து, வீட்டில் உள்ள மூன்று சூடாகும் பொருள்களின் லேபிளைப் படியுங்கள். பிளக்கைக் கழற்றிவிட்டு, பொருள் நன்றாக ஆறிய பிறகுதான் அதைத் திருப்ப வேண்டும். எதையும் திறக்கக் கூடாது. மின்னழுத்தத்தையும் மின்திறனையும் குறித்துக்கொண்டு, மின்னோட்டத்தையும் மின்தடையையும் கணக்கிடுங்கள். பல்பு, கம்பி வைத்துச் சோதனை செய்ய ஆசையா? சின்ன பேட்டரியில் மட்டும் செய்யுங்கள். சுவர் பிளக்கில் ஒருபோதும் செய்யாதீர்கள்.

விடைகள்

1. 12 ஓம், 3 வாட்.
2. 8 ஆம்பியர், 15 ஓம்.
3. ஏறக்குறைய 9.6 ஆம்பியர், ஏறக்குறைய 2200 வாட்.
4. போடக் கூடாது. எல்லை 230 × 10 = 2300 வாட். இரண்டும் சேர்ந்தால் 3200 வாட்.